படப்பெட்டியும் பாதையும்: திருகோணமலையில் படம் பார்த்த காலம்

திருகோணமலையில் அறுபது வயதைக் கடந்த ஒருவரிடம், முதன்முதலாகத் தியேட்டரில் பார்த்த படம் எது என்று கேட்டுப் பாருங்கள். படத்தின் பெயர் உடனே வராது. யார் கையைப் பிடித்துக்கொண்டு போனார், கிண்ணியாத் துறையில் பாதைக்காக எவ்வளவு நேரம் வெயிலில் நின்றார், திரும்பும்போது மழை பிடித்ததா, அன்றிரவு எந்த உறவினர் வீட்டு விறாந்தையில் பாய் விரித்துப் படுத்தார் என்பதையெல்லாம் ஒழுங்காகச் சொல்லி முடித்த பிறகுதான், "எம்.ஜி.ஆர். படம்தான், பெயர் இப்போது நாக்கில் வருகுதில்லை" என்ற பதில் கிடைக்கும்.

இதை முதுமையின் மறதி என்று நானும் நீண்ட காலம் நினைத்திருந்தேன். ஆனால் அதே மனிதர்கள், ஒரு பழைய பாட்டின் முன்னிசை காற்றில் வந்தால் மூன்று சரணங்களையும் பிழையின்றிப் பாடி முடிப்பார்கள். ஆகவே மறதி இதற்குக் காரணமாக முடியாது. அக்காலத்தில் படம் என்பது அருமையாகக் கிடைக்கும் ஒரு பண்டமாக இருந்தது. அது இந்த ஊருக்கு வந்து சேர்வதற்கும், சுற்றுப்புறத்து மக்கள் அதனிடம் போய்ச் சேர்வதற்கும் பட்ட பாடு, இரண்டே முக்கால் மணி நேரக் காட்சியைவிட மிக நீளமானது. நீளமாக அனுபவித்தது நீளமாக நினைவில் நிற்கிறது. அந்தச் சிரமத்தின் பின்னால் இருந்த காரணங்கள் பெரும்பாலும் மிகச் சாதாரணமானவை: நில அமைப்பு, அந்நியச் செலாவணி, ரயில் நேர அட்டவணை, ஒரு கார்பன் குச்சி எரிந்து தீரும் வேகம். அவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நில அமைப்பிலிருந்து தொடங்கலாம். கோணேசர் கோயில் வீற்றிருக்கும் சுவாமி மலையும் பிரெட்ரிக் கோட்டையும் கடலுக்குள் நீண்டு நிற்க, ஒரு பக்கம் வெளிக்கடலும் மறுபக்கம் உள்துறைமுகமும் நெருக்கும் ஒடுங்கிய நிலத்தில் அமைந்தது திருகோணமலை நகரம். மாவட்டத்தின் மக்கள் நகரைச் சுற்றித் தொலைவில் பரந்திருந்தனர். வடக்கே நிலாவெளி, குச்சவெளி. மேற்கே தம்பலகாமம், கந்தளாய் என்ற நெல் வயல் பிரதேசங்கள். தெற்கே நீருக்கு அப்பால் கிண்ணியாவும், கொட்டியாரக் குடாவின் மறுகரையில் மூதூரும் சம்பூரும். மூதூரிலிருந்து நகருக்கு வருவதற்குக் குடாவைக் கடக்கும் லோஞ்சியே சுருக்கமான வழி. கிண்ணியாவிலிருந்து வருவோர் பாதையில் ஏற வேண்டும். கிழக்கு மாகாணத்துக்கு வெளியே இருப்பவர்களுக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும்: எங்கள் பக்கத்தில் பாதை என்பது தரையில் கிடக்கும் வழி அல்ல, ஆட்களையும் மாட்டு வண்டிகளையும் பஸ்களையும் ஏற்றிக்கொண்டு நீரில் நகரும் தட்டையான மிதவைக்குத்தான் அந்தப் பெயர். கிண்ணியாவுக்கு 2009 ஒக்டோபரில் பாலம் திறக்கப்படும் வரைக்கும் இந்தப் பாதைதான் அவ்வூராரின் படம் பார்க்கும் நேரத்தைத் தீர்மானித்தது.

ஊர்களில் எப்போதாவது கொட்டகை போட்டு, அல்லது பள்ளிக்கூட மைதானத்தில் வெள்ளை வேட்டி கட்டிப் படம் காட்டியதுண்டு. ஆயினும் பெரும்பாலானோருக்குப் படம் பார்ப்பதென்றால் நகருக்கு வருவதே. நெல்சன், சரஸ்வதி என்ற தியேட்டர்களின் பெயர்கள் படம் பார்க்காதவர்களுக்கும் பரிச்சயமானவை. கடற்படைத் தளத்தோடு வளர்ந்த ஒரு ஊரில் ஒரு தியேட்டருக்கு நெல்சன் என்று பெயர் இருப்பது யாருக்கும் விசித்திரமாகத் தோன்றவில்லை. அந்தப் பெயருக்குரிய கடற்படைத் தளபதி, பதின்ம வயதில், 1775இல் சீ ஹோர்ஸ் என்ற கப்பலில் இத்துறைமுகத்துக்கு வந்து போனவர். பிரித்தானியக் கடற்படை 1957 ஒக்டோபரில் தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்து வெளியேறும் வரையில், ஆங்கிலப் படங்களுக்கு இவ்வூரில் எப்போதும் ஆள் இருந்தது. சீருடையில் வந்த மாலுமிகள் முன்னால் போக, அவர்களுக்குப் பின்னால் நின்று கலரி என்ற மலிவு வகுப்புக்கு ரிக்கற் வாங்கிய கதையை என் தந்தையார் பல தடவை சொல்லக் கேட்டிருக்கிறேன். சொல்லும் ஒவ்வொரு தடவையும் மாலுமியின் உயரம் சிறிது கூடும்.

தளம் கைமாறியதன் விளைவு தியேட்டர் வாசலிலும் தெரிந்தது. டொக்யார்ட்டில் வேலை செய்தவர்களிடம் சம்பள நாளில் ரொக்கம் இருந்தது. அந்த வேலைகள் குறைந்தபோது, ரொக்கமாகக் காசு புழங்கும் கூட்டம் சுருங்கியது. வேளாண்மையை நம்பியவர்களின் பங்கு கூடியது. வேளாண்மைக் காசுக்கு வேறு ஒரு கால ஒழுங்கு உண்டு. கிழக்கில் பெரும்போக அறுவடை மாசி, பங்குனி மாதங்களில் நடைபெறும். அதற்கு முந்திய மாதங்களில், அதாவது ஐப்பசி முதல் தை வரையில், வடகீழ்ப் பருவமழை ஊற்றும், குடா கொந்தளிக்கும், லோஞ்சி ஓடினாலும் பெண்களையும் பிள்ளைகளையும் ஏற்ற வீட்டுப் பெரியவர்கள் சம்மதிக்க மாட்டார்கள். மழை நாளில் தியேட்டரின் கூரைத் தகட்டில் விழும் சத்தத்தில் வசனமே கேட்காது என்பது வேறு. எனவே தியேட்டர் நிரம்பி வழிந்த மாதங்களுக்கும் நெல் விற்ற மாதங்களுக்கும் இடையே ஒரு நேரடித் தொடர்பு இருந்தது.

அந்தத் தொடர்பு உச்சம் காண்பது சிவராத்திரியன்று. மாசி மாதத்து அந்த இரவில் கோணேசர் கோயிலுக்கு நான்கு திசையிலிருந்தும் சனம் வந்து சேரும். கண் விழிக்க வேண்டும் என்பது விரதத்தின் விதி. கண் விழிப்பதற்குத் தியேட்டர்களும் தங்களாலான உதவியைச் செய்தன. விடிய விடிய ஒன்றன்பின் ஒன்றாகப் படம் போடுவார்கள். முதல் இரண்டு யாமப் பூசைகளைக் கோயிலில் பார்த்துவிட்டு, மலை இறங்கி வந்து மிச்ச இரவைத் தியேட்டரில் கழித்த பக்தர்கள் பலர். எங்கள் அம்மம்மா இதைக் கடுமையாகக் கண்டித்தவர். படம் பக்திப் படமாக இருக்கும் வருடங்களில் மட்டும் அந்தக் கண்டிப்பு சற்றுத் தளரும். விரதமும் வேடிக்கையும் ஒரே இரவில் கிடைத்ததால், அறுவடைக் காசு கையில் இருந்ததால், பாதையும் லோஞ்சியும் இரவிரவாக ஓடியதால், மற்ற நாட்களில் தியேட்டர்ப் பக்கம் எட்டிப் பார்க்காத குடும்பங்கள் அன்று வந்தன. பல பெண்களுக்கு வருடத்தில் பார்த்த ஒரே படம் சிவராத்திரிப் படமாகவே இருந்தது.

இனி, படம் வந்த வழி. தமிழ்ப் படங்கள் சென்னையிலும் சேலத்திலும் கோயம்புத்தூரிலும் எடுக்கப்பட்டன. அவற்றை இலங்கைக்குக் கொண்டுவந்து விநியோகித்தவை கொழும்பில் இருந்த சில நிறுவனங்கள். சேர் சிற்றம்பலம் கார்டினர் 1928இல் தொடங்கிய சிலோன் தியேட்டர்ஸ் அவற்றில் மூத்தது, கே. குணரத்தினத்தின் சினிமாஸ் நிறுவனம் அதனோடு போட்டியிட்டு வளர்ந்தது. அவை படங்களை இறக்குமதி செய்ததோடு நில்லாமல், தியேட்டர்களைச் சொந்தமாகவும் குத்தகைக்கும் நடத்தி, சிங்களப் படங்களையும் தயாரித்தன. முதலாவது சிங்களப் பேசும்படமான 'கடவுனு பொறொந்துவ' 1947 ஜனவரியில் வெளியானபோது, அது எடுக்கப்பட்ட இடம் மதுரை என்பதை இன்று பலர் அறியார். தென்னிந்திய ஸ்டூடியோக்களில் வளர்ந்த அந்தச் சிங்களப் படங்களின் அழுகையும் பாட்டும் சண்டையும் எங்களுக்கு அந்நியமாகத் தோன்றாததற்கு இதுவே காரணம். திருகோணமலையில் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூவரும் ஒரே கலரியில் இருந்து மூன்று மொழிப் படங்களையும் பார்த்தனர். இந்திப் படத்துக்கு மூவருக்குமே மொழி புரியாது என்பதால், அந்த நாட்களில் சண்டைக்கு வேலையில்லை என்று என் தந்தையார் வேடிக்கையாகச் சொல்வார்.

ஒரு படத்தின் பிரதி ஒன்றுக்கு அந்நியச் செலாவணியில் பணம் செலுத்த வேண்டியிருந்தது. 1960களில் அந்தச் செலாவணி தட்டுப்பட்டபோது, பிரதிகளின் எண்ணிக்கையும் மட்டுப்பட்டது. கிடைத்த சில பிரதிகள் முதலில் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் ஓடும். அங்கே கூட்டம் குறைந்த பிறகே அவை மட்டக்களப்புக்கும் திருகோணமலைக்கும் மலையகத்துக்கும் கிளம்பும். ஆகவே கொழும்பில் ஒரு படம் நன்றாக ஓடுகிறது என்ற செய்தி எங்களுக்கு உண்மையில் நல்ல செய்தி அல்ல; நாங்கள் இன்னும் காத்திருக்க வேண்டும் என்பதே அதன் பொருள்.

1972இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் தொடங்கப்பட்டு, இறக்குமதியும் விநியோகமும் அதன் கைக்குப் போயின. உள்நாட்டுப் படத் தொழிலை வளர்ப்பதே நோக்கம். சிங்களத் திரையுலகம் அதனால் பயன் பெற்றது என்பதையும் மறுக்க முடியாது. அதே ஆண்டில் வி. எஸ். துரைராஜா தயாரித்த 'குத்துவிளக்கு' போன்ற ஈழத்துத் தமிழ்ப் படங்கள் வெளிவந்தபோது, நமது பேச்சும் நமது வயலும் திரையில் தெரிவதைப் பார்க்க ஆட்கள் போனார்கள். ஆனால் தென்னிந்தியப் படத்தின் பகட்டுக்குப் பழகிய கூட்டம் நீடித்து நிற்கவில்லை. இந்தியப் படங்களின் வரவு சுருங்கியதால் தியேட்டர்கள் பழைய படங்களைத் தூசி தட்டி மீண்டும் மீண்டும் போட்டன. இதன் விளைவு ஒன்றைப் பலர் கவனிப்பதில்லை. 1970களில் பதின்ம வயதில் இருந்த என் தலைமுறை, தந்தையார் தலைமுறை பார்த்த அதே படங்களை அதே தியேட்டரில் பெரிய திரையில் பார்த்து வளர்ந்தது. தமிழ்நாட்டில் அந்த வயதினர் புதிய கதாநாயகர்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, நாங்கள் சிவாஜியா எம்.ஜி.ஆரா என்று மண் ஒழுங்கையில் கைகலந்துகொண்டிருந்தோம். எங்கள் ரசனை பழையதாக இருந்ததற்குப் பண்பாட்டுக் காரணம் தேடுவோர், முதலில் இறக்குமதிக் கட்டுப்பாட்டைப் பார்க்க வேண்டும்.

படப்பெட்டி கொழும்புக் கோட்டையிலிருந்து இரவுத் தபால் ரயிலில் வந்தது. மாகோவிலும் கல்ஓயாவிலும் கிளை பிரிந்து, கந்தளாய், தம்பலகாமம், சீனன்குடா வழியாக விடியற்காலையில் திருகோணமலைக்கு வந்து சேரும் ரயில் அது. வெள்ளிக்கிழமைப் படம் மாற்றம் என்றால், பெட்டி இறங்கியதா என்று பார்ப்பதற்கு ஸ்டேசனுக்குப் போகும் ஒரு கூட்டம் இருந்தது. தகரப் பெட்டிகள், எண்கோண வடிவில், மூடியில் வர்ணத்தால் படத்தின் பெயரும் ரீல் எண்ணும் எழுதியிருக்கும். 35 மில்லிமீற்றர் பிலிமில் ஓர் அடிக்கு 16 சட்டங்கள், அதாவது தனித்தனி நிழற்படங்கள். நொடிக்கு 24 சட்டங்கள் ஓட வேண்டும். ஆகவே நிமிடத்துக்கு 90 அடி. பதினையாயிரம் அடிப் படம் என்பது 2 மணி 46 நிமிடம். ஆயிரம் அடி கொண்ட ஒரு ரீல் பதினொரு நிமிடத்தில் தீர்ந்துவிடும். பெரியவர்கள் ஒரு படத்தின் நீளத்தைப் "பதினைந்து ரீல்", "பதினெட்டு ரீல்" என்று சொன்னதும், பொய் சொல்பவனை "ரீல் விடுகிறான்" என்று கேலி செய்ததும் இந்தத் தகரப் பெட்டிகள் வாசலில் கிடந்த காலத்துப் பேச்சு.

எங்கள் ஒழுங்கையில் இருந்த ஓர் அண்ணா ஒரு தியேட்டரில் ஒப்பரேட்டருக்கு உதவியாளராக இருந்தார். ஒருநாள் மெட்னி ஷோவுக்கு என்னை மேலே புரொஜெக்டர் அறைக்குக் கூட்டிப்போனார். இன்றைக்கும் அந்த அறையின் சூடு என் முகத்தில் இருக்கிறது. யன்னல் இல்லை, திரையை நோக்கிய சுவரில் சதுரமான சிறு துவாரங்கள் மட்டும். ஒவ்வொன்றின் மேலும் ஓர் இரும்பு மூடி தொங்கியது. 1950களின் தொடக்கம் வரை பிலிம் நைத்திரேற்றால் செய்யப்பட்டது என்றும், அது நெருப்புப் பட்டால் வெடிமருந்து போல எரியும் என்றும், எரிந்தால் நெருப்பு சபைக்குள் போகாமல் அந்த மூடிகள் தாமாக விழ வேண்டும் என்றும் அண்ணா விளக்கினார். எரியாத பிலிம் வந்து இருபது வருடங்களாகியும் மூடிகள் அங்கேயே இருந்தன.

இரண்டு புரொஜெக்டர்கள் பக்கம் பக்கமாக நின்றன. ஒன்று ஓடும்போது மற்றதில் அடுத்த ரீலைக் கோத்துவைப்பார்கள். விளக்கு என்று அங்கே பல்ப் எதுவும் இல்லை. செம்பு பூசிய இரண்டு கார்பன் குச்சிகள் நுனியோடு நுனி நெருங்கி நிற்க, இடையில் மின்சாரம் பாய்ந்து வெண்ணொளி எரிந்தது. வெல்டிங் பற்றவைக்கும் ஒளியும் அதுவும் ஒரே சாதி. குச்சி எரியத் தேய்வதால், இடைவெளி கூடாதபடி ஒரு திருகைத் திருகித் திருகி அதை முன்னே தள்ள வேண்டும். தள்ள மறந்தால் திரை மஞ்சளாகி, பிறகு பழுப்பாகி, கீழே கலரியில் விசில் கிளம்பும். அந்த விசில்தான் மேலே வேலை செய்பவருக்கு மேலதிகாரி. கறுப்புக் கண்ணாடி பதித்த சிறு சாளரத்தின் வழியாக அந்தச் சுடரைப் பார்க்க அண்ணா எனக்குப் பத்து நொடி அனுமதி தந்தார். பிறகு திரையின் வலது மேல் மூலையைக் காட்டி, "இப்ப ஒரு பொட்டு வரும், பார்" என்றார். வந்தது. உடனே இரண்டாவது இயந்திரத்தின் மோட்டாரை ஓடவிட்டார். ஏறத்தாழ எட்டு நொடி கழித்து மறுபடி ஒரு பொட்டு. ஒரு கையால் இதை மூடி மறு கையால் அதைத் திறந்தார். கீழே இருந்த யாருக்கும் எதுவும் தெரியவில்லை. அன்றிலிருந்து நான் எந்தப் படத்திலும் அந்தப் பொட்டைப் பார்க்காமல் இருந்ததில்லை. கதாநாயகி அழும் கட்டத்திலும் கண் மூலைக்குப் போய்விடும். தொழில் இரகசியம் தெரிந்துகொள்வதில் இப்படி ஒரு நட்டமும் உண்டு.

பிரதிகள் எங்களிடம் வரும்போது முதுமை அடைந்திருக்கும். ஒவ்வொரு தடவை அறுந்து ஒட்டும்போதும் சில சட்டங்கள் வெட்டி எறியப்படும். அரை நொடிக்குப் பன்னிரண்டு சட்டங்கள் என்பதால், பல ஊர்களில் பல தடவை அறுந்த பிரதியில் நடந்துகொண்டிருந்தவர் திடீரென்று கதவருகே நிற்பார். பாதி வார்த்தையோடு வசனம் தாவும். இயந்திரத்தின் பற்களும் தூசியும் கீறிய நெடுங்கோடுகள் பாலைவனக் காட்சியிலும் மழை பெய்யவைக்கும். ஒருமுறை, தியேட்டரின் பெயர் வேண்டாம், ரீல்களின் வரிசை பிசகிவிட்டது. சண்டையில் இறந்துபோன தம்பி அடுத்த ரீலில் தென்னந்தோப்பில் பாட்டுப் பாடி வந்தார். முதலில் சபை திகைத்தது. பிறகு கலரியில் யாரோ "கனவுக் காட்சியடா" என்று தீர்ப்புச் சொல்ல, எல்லோரும் அமைதியாக ஏற்றுக்கொண்டார்கள். படம் முடிந்து வெளியே வந்து, கச்சான் கொட்டை உடைத்துக்கொண்டு நடந்தபோதுதான் கணக்கு இடிக்கிறது என்பது புரிந்தது.

படம் தாமதமாக வந்த அந்த இடைவெளியை நிரப்பியது வானொலி. 1950இல் தொடங்கிய இலங்கை வானொலியின் வர்த்தக சேவை, 1967இல் ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமாக மாறிய பிறகும், தமிழ்த் திரைப்பாடல்களை நாள் முழுதும் கொடுத்தது. தமிழ்நாட்டிலேயே அதைக் கேட்டார்கள் என்றால், பாட்டுக்கு அடுத்தபடியாகப் படம் பார்க்கும் வசதியும் அவர்களுக்கு இருந்தது. எங்களுக்குப் பாட்டு வந்து பல மாதங்கள் கழித்து, சில வேளை வருடங்கள் கழித்து, படம் வந்தது. 1970களின் முற்பகுதியில் இந்திய வார, மாத இதழ்களின் இறக்குமதியும் கட்டுப்படுத்தப்பட்டதால், ஸ்டில் பார்ப்பதற்கும் வழி குறைந்தது. அறிவிப்பாளர் கே. எஸ். ராஜா 'திரைவிருந்து' நிகழ்ச்சியில் மூச்சு விடாமல் அடுக்கும் விளம்பர வசனங்களையும், இடையில் வரும் இரண்டு வரி உரையாடலையும், முழுப் பாட்டையும் வைத்துக்கொண்டு நாங்கள் எங்கள் மனதில் ஒரு படத்தை எடுத்துவிடுவோம். பிறகு நிஜப் படம் வரும். நாம் கடற்கரையில் எடுத்து வைத்திருந்த பாட்டை அவர்கள் மாட்டுக் கொட்டிலில் எடுத்திருப்பார்கள். அந்த ஏமாற்றத்தைச் சொல்லி மாளாது. முதலில் கேட்டு, நீண்ட காலம் கற்பனை செய்து, கடைசியில் பார்த்ததனால்தான் பாட்டு நெஞ்சில் ஆழமாகப் பதிந்து, படத்தின் கதை மேலோட்டமாக நின்றுவிட்டது என்பது என் எண்ணம். முன்னே சொன்ன முதியவர்கள் படத்தின் பெயரை மறந்து பாட்டை மறக்காததன் காரணம் இங்கேதான் இருக்கிறது.

தியேட்டருக்குள் சமூக ஏணி தலைகீழாக இருந்தது. விலை குறைந்தவர்கள் திரைக்கு மிக அருகில். கலரியில் நீண்ட வாங்குகள், அதன் பின் செக்கன்ட் கிளாஸ், ஃபெஸ்ட் கிளாஸ், மேலே பல்கனி. கலரி ரிக்கற் சதக் கணக்கில் இருந்த காலம் அது. அதற்குள்ளும் நகரசபைக்குச் சேர வேண்டிய கேளிக்கை வரி அடங்கியிருந்தது. மூட்டைப்பூச்சிக்கு வகுப்பு வேறுபாடு கிடையாது. முதலில் உள்ளூர்க் கடைகளின் விளம்பரங்கள், கையால் எழுதிய கண்ணாடிச் சிலைட்டுகளாக வரும். நகைக்கடையும் தையற்கடையும் அதில் நிரந்தர நடிகர்கள். 1948இல் அமைக்கப்பட்ட அரசாங்கத் திரைப்படப் பிரிவின் செய்திச் சுருள் அடுத்து ஓடும். அமைச்சர் ஒருவர் ஏதோ ஓர் அணைக்கட்டின் நாடாவை வெட்டுவதைப் பார்த்தபடி, பிந்தி வந்தவர்கள் டோர்ச் வெளிச்சத்தில் கால்களை மிதித்துக்கொண்டு இடம் தேடுவார்கள். வாசலில் பாட்டுப் புத்தகம் விற்பவரிடம் இடைவேளைக்கு முன்பே கூட்டம் சேர்ந்துவிடும். கதைச் சுருக்கத்தை முழுதும் அச்சிட்டு, கடைசியில் "மிகுதியை வெள்ளித்திரையில் காண்க" என்று முடித்திருப்பார்கள். அந்த ஒரு வரியை எத்தனை தடவை சபித்திருப்போம்.

இரண்டாம் காட்சி முடிய நள்ளிரவு தாண்டிவிடும். என்னோடு படித்த கிண்ணியா நண்பன் ஒருவன், கடைசிப் பாதையைப் பிடிப்பதற்காக எப்போதும் மாலை முதற் காட்சியின் இறுதிக் கட்டத்துக்கு முன்பே எழுந்து ஓடுவான். அதனால் பள்ளிக்கூட நாட்களில் அவன் பார்த்த படங்களில் பாதிக்கு முடிவு தெரியாது. மறுநாள் வகுப்பில் முடிவைச் சொல்வது என் வேலை. சில நாட்கள் நான் சொந்த முடிவையும் சொல்லியிருக்கிறேன்.

இந்த ஒழுங்கு குலைந்தது இரண்டு வழிகளில். முதலாவது, திரையே வீட்டுக்குள் வந்தது. 1977க்குப் பின் இறக்குமதி தாராளமாக்கப்பட, 1979இல் ஐ.ரி.என். தொலைக்காட்சியும் 1982இல் ரூபவாஹினியும் ஒளிபரப்பைத் தொடங்க, மத்திய கிழக்கில் வேலைக்குப் போனவர்களின் பெட்டிகளில் டெக் என்ற வீடியோ கசெற் இயந்திரம் வந்து இறங்கியது. டெக்கையும் ரீவியையும் ஒரு இரவுக்கு வாடகைக்கு எடுத்து, முற்றத்தில் பாய் விரித்து, மூன்று படங்கள் விடியும்வரை போடுவார்கள். ஒழுங்கை முழுவதும் திரண்டு காசு சேர்க்கும். காத்திருப்பு என்பதே இல்லாமல் போனது. சென்னையில் வெளியான படத்தின் கசெற் சில வாரங்களில் கிடைத்தது, படம் எவ்வளவு மங்கலாகத் தெரிந்தாலும்.

இரண்டாவது வழி கொடியது. 1983 ஜூலையில் தமிழருக்கு எதிராக நடந்த வன்செயல்களில் திருகோணமலையும் தப்பவில்லை. அதே நாட்களில் கொழும்புக்கு அண்மையில் ஹெந்தளையில் இருந்த விஜயா ஸ்டூடியோ எரிக்கப்பட்டபோது, பல படங்களின் மூல நெகற்றிவ்கள் சாம்பலாயின. அவற்றுள் சிங்களப் படங்களும் அடங்கும். இங்கே ஊரடங்குச் சட்டம் வந்தது. ஊரடங்கில் முதலில் மறைவது இரண்டாம் காட்சி. அதன் பின் முதற் காட்சி. எஞ்சிய காலைக் காட்சிக்கும் மெட்னிக்கும், சோதனைச் சாவடிகளைத் தாண்டி மூதூரிலிருந்தோ குச்சவெளியிலிருந்தோ யார் வருவார்? ஒரு தியேட்டர் ஓடுவதற்குப் படம் மட்டும் போதாது; இரவு வேண்டும், வழி வேண்டும், திரும்பிப் போகலாம் என்ற நம்பிக்கை வேண்டும். அவை மூன்றும் இல்லாத வருடங்கள் நீண்டன. 1985, 1987, 1990 என்று போர் ஆண்டுகளை அடுக்குவது எங்களூரில் யாருக்கும் விளக்கம் தேவைப்படாத காரியம்.

இப்போது படம் வருவது தகரப் பெட்டியில் அல்ல, டிஜிற்றல் கோப்பாக. பியூஜி நிறுவனம் 2013இல் சினிமாப் பிலிம் தயாரிப்பை நிறுத்திவிட்டது. சென்னையில் முதற் காட்சி ஓடும் அதே நாளில் இலங்கையிலும் ஓடுகிறது; கிண்ணியாவிலிருந்து மோட்டார் சைக்கிளில் சில நிமிடங்களில் பாலத்தைக் கடந்து வந்துவிடுகிறார்கள். என் நண்பனின் பேரப்பிள்ளைகள் படத்தின் முடிவைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறார்கள். இதில் வருந்துவதற்கு எதுவும் இல்லை.

ஒப்பரேட்டர் அறையில் வெட்டி எறியப்பட்ட பிலிம் துண்டுகளை நாங்கள் சேர்த்து வைத்திருந்தோம். எரிந்துபோன பல்ப் ஒன்றின் அடியைத் தட்டி உடைத்து, உள்ளே தண்ணீர் நிரப்பினால் அது ஒரு வில்லையாகிவிடும். வெளியே ஒருவன் முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலை அறைக்குள் திருப்ப, பல்புக்கு முன்னால் துண்டைப் பிடித்தால், சுவரில் தலைகீழாக எம்.ஜி.ஆர். நிற்பார். தலைகீழ் என்பது பிரச்சினையல்ல. துண்டைக் கவிழ்த்துப் பிடித்தால் நேராகிவிடுவார். மாமரத்து நிழல் விழுந்துவிட்டால் அன்றைய காட்சி முடிந்தது.

அந்தத் துண்டுகளில் சில இன்னும் ஒரு பிஸ்கற் ரின்னில் இருக்கின்றன. சென்ற வருடம் திறந்தபோது வினாகிரி மணந்தது. அசிற்றேற் பிலிம் பழுதாகும்போது வரும் மணம் அது. நிறங்களில் நீலமும் பச்சையும் போய், கடலும் தென்னையும் கதாநாயகியின் சேலையும் ஒரே இளஞ்சிவப்பாக இருந்தன. பேரன் ஒன்றை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "இது என்ன படம், அப்பப்பா?" என்று கேட்டான். தெரியவில்லை. விளையாடும் கண்ணாடிப் போளைகள் இரண்டு கொடுத்து அதை வாங்கினேன், ஒன்று பச்சை, மற்றது விளிம்பு உடைந்தது, என்று அவனுக்குச் சொன்னேன்.